கேன்வாஸ் வைத்த கழுத்து

ராத்தா,

இன்று காலை சைக்கிள் பையை உதறித் துடைக்கும்போது அடியில் உங்கள் வாஸ்லின் டப்பா கிடந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே மணல். மணல் கையோடு டப்பாவுக்குள் விரலை விடாதே என்று எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! தோல் உராயாமல் இருக்கத்தான் இதைப் பூசுகிறோம், இதிலேயே மணலைக் கலந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகும் என்பீர்கள். டப்பா உங்களுடையது. மணலும் நீங்கள் போட்டதுதான். இதைச் சொல்லிச் சண்டை பிடிக்க ஆள் இல்லை. மூடி வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். நாள் முழுக்க ஃபைல் பார்த்தேன், டீ குடித்தேன். அழுகை வரவில்லை. நீங்கள் போனதிலிருந்தே வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். வரப்போவது பெரும்பாலும் சாமான் கதைதான். நமக்குள் வேறென்ன பேசினோம்?

முதல் பேச்சே ஷூவைப் பற்றியதுதான். காரைக்கால் கடற்கரைக்கு விடியலில் வருகிறவர்கள் இரண்டு வகை. டாக்டர் சொன்னதால் நடக்கிறவர்கள், யார் யார் நடக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக நடக்கிறவர்கள். நான் இரண்டிலும் சேராமல் ஓடிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய சர்க்கார் ஆபீஸ்காரி ஒருத்தி சுடிதாரில் ஓடினால் ஊர் என்னவெல்லாம் சொல்லுமோ, அதையெல்லாம் சொல்லி அலுத்துப் போயிருந்த சமயம். கறுப்புப் பர்தாவுக்குக் கீழே கிளிப்பச்சை ஷூ போட்டுக்கொண்டு எதிரே வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தீர்கள்.

“பெருவிரல் நகம் கருத்திருக்குமே?”

கருத்துத்தான் இருந்தது, இரண்டு காலிலும். சத்துக் குறைச்சல் என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“சத்துமில்ல கித்துமில்லங்க. ஓட ஓட கால் வீங்கும். வீங்குன காலுக்குத்தான் ஷூ வாங்கணும். ஒரு சைஸ் பெருசா எடுங்க.”

எடுத்தேன். புது நகம் முளைத்து வெள்ளையாகி வருவதற்குள் நாம் சிநேகிதமாகிவிட்டோம். நான் அக்கா என்று ஆரம்பித்தேன். “எங்க ஊட்டுப் புள்ளைங்க ராத்தான்னுதான் கூப்புடும்” என்றீர்கள். அதுவே நிலைத்தது. துபாயில் இருந்தபோது பெண்களுக்கான குளத்தில் நீச்சல் கற்றது, உங்கள் வீட்டுக்காரர், எனக்கும் மச்சான்தான், இங்கே கடை வைத்ததும் உங்கள் உம்மா வீட்டுக்கே குடிவந்தது, மனசுக்குள் ஒரு ஆசையைப் பொத்தி வைத்திருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த ஆசை என்னவென்று கேட்டபோது சொன்னீர்கள்: “கடல்ல நீந்தி ஏறி, சைக்கிள் மிதிச்சு, அப்புறம் ஓடணும் வசந்தி. மூணும் ஒரே நாள்ல. நடுவுல உக்காரக் கூடாது.”

“யாரு ராத்தா உங்களுக்கு இந்தத் தண்டனைய குடுத்தா?” என்று கேட்டேன்.

சிரித்தீர்கள். என் பெயரையும் சேர்த்துப் போட்டிக்குப் பதிவு செய்துவிட்டீர்கள்.

நாம் செய்த முதல் தப்பு எல்லாரும் செய்வதுதான். மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று நினைத்து ஜெல் வைத்த அகலமான சைக்கிள் சீட்டு வாங்கினோம். நான் பிறந்த கோட்டுச்சேரி தாண்டும் வரைக்கும் சோபாவில் போகிற சொகுசு. பூவம் போய்ச் சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே இருப்பது என் உடம்புதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. எல்லையில் பெட்ரோல் விலை குறைச்சல் என்று தமிழ்நாட்டு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் பங்க் ஓரமாக நாம் இரண்டு பேரும் காலை உதறிக்கொண்டு நின்றோம். வரிசையில் நின்றவர்கள் பெட்ரோலை மறந்து நம்மைப் பார்த்தார்கள்.

“சதை உக்காரக் கூடாது, எலும்புதான் உக்காரணும்” என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னீர்கள். உட்காரும் எலும்பு இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்தால்தான் சரியான சீட்டு வாங்க முடியும். அதற்கு அட்டையின் மேல் அழுந்த உட்கார்ந்து எழுந்து, விழுந்த பள்ளங்களை அளக்க வேண்டும். மச்சான் கடையிலிருந்து மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொண்டுவந்தீர்கள். அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். என் பள்ளங்கள் உங்களுடையதைவிடத் தள்ளி இருந்தன. “கோட்டுச்சேரி நெல்லுச் சோறு” என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் கதவு தட்டப்பட்டது.

“ரெண்டு பேரும் உள்ள என்னா பண்றீங்க?” உங்கள் உம்மா.

“அளவு எடுக்குறோம்மா!”

“டெய்லரு வந்திருக்கா? அப்ப என் சட்டைக்கும் ஒரு அளவு குடுக்கணும், கதவத் தொற!”

நீங்கள் அட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தலைமாட்டில் கிடந்த துப்பட்டாவை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டீர்கள்.

கடைசியில் வாங்கியது நடுவில் பிளவு விட்ட, கெட்டியான, பார்க்கவே பயமுறுத்துகிற சீட்டு. அதுதான் வலிக்கவில்லை. மெத்தை தைத்த சைக்கிள் டவுசருக்குள்ளே வேறு எதுவும் போடக் கூடாது, போட்டால் அதன் ஓரமே அறுக்கும் என்பதை ஆளில்லாத வீட்டிலும் என் காதுக்குள் குசுகுசுவென்றுதான் சொன்னீர்கள். கை மரத்துப்போனால் பிடியை மாற்றிப் பிடி, மரத்த பிறகு மாற்றாதே, மரப்பதற்கு முன்னால் மாற்று என்றீர்கள். பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு உப்புத் தூவி எடுத்து வருவீர்கள். சாமானைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். உண்மையில் உடம்புக்குப் பொறுக்கிற மாதிரி ஒரு நாளைத் தயார் செய்துகொண்டிருந்தோம்.

கடல்தான் கஷ்டம். நான் வாய்க்காலிலும் அரசலாற்றிலும் கை கால் அடித்து வளர்ந்தவள், அலை என்றால் பயமில்லை, ஆனால் நேராக நீந்த வராது. நீங்கள் நூல் பிடித்த மாதிரி நேராக நீந்துவீர்கள், அலை என்றால் முகம் வெளுக்கும். டவுன் கடற்கரையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும் என்று கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் போனோம். துணைக்கு ஒரு ஃபைபர் படகு பேசிக்கொண்டோம். துபாயில் வாங்கிய உங்கள் முழு நீள நீச்சல் உடுப்பில் பாவாடை மாதிரி ஒரு சுற்றுத்துணி உண்டு. முதல் நாளே அது நிறையத் தண்ணீரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா உங்களைப் பார்த்து, “பாதிக் கடல அள்ளிக்கிட்டு வருதே இந்தப் பொண்ணு” என்றார்.

அதனால்தான் தைக்கப் போனோம். திருப்பூரிலிருந்து இழுபடும் துணி வரவழைத்து, டவுனில் நமக்கு பிளவுஸ் தைக்கிற அக்காவிடம் கொடுத்தோம். உடம்போடு ஒட்டியும் இருக்க வேண்டும், உடம்பைக் காட்டவும் கூடாது, கழுத்து மேலே ஏறி மூடியிருக்க வேண்டும், முன்னால் ஜிப். நீங்கள் இதைச் சொல்லச் சொல்ல அந்த அக்கா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

“ஏறுனா மட்டும் போதுமா? நிக்க வேணாமா? தண்ணி பட்டா தொங்கிடுமே. கவலப்படாதீங்க, உள்ள கேன்வாஸ் வச்சுக் குடுக்குறேன்.”

சட்டைக் காலருக்குள் விறைப்புக்காக வைப்பார்களே, அந்தக் கேன்வாஸ். நமக்கும் அது சரியாகவே பட்டது. உலகத்தில் எந்த நீச்சல் உடுப்புக்காரனும் செய்யாத வேலை, கல்யாண பிளவுஸ் தைக்கிற கையிலிருந்து வந்தது. துணி மிச்சம் இருக்கிறது என்று எனக்கும் அதே மாதிரி ஒன்று. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றோம். கழுத்துப் பட்டை போலீஸ் அதிகாரி மாதிரி நின்றது.

முதல் நீண்ட நீச்சலிலேயே தெரிந்துவிட்டது. மூச்சுக்காகத் தலையைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஓரம் கழுத்தை அறுத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் வேறு. கரையேறிப் பார்த்தால் இரண்டு பேர் கழுத்தையும் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. பக்குக் கட்டும், அடுத்த நீச்சலில் பிய்யும், மறுபடி கட்டும். வாஸ்லின் பூசினோம், கொஞ்சம் குறைந்தது. கேன்வாஸைப் பிரித்து எடுத்துப் பார்ப்போமா என்று கேட்டேன். பிரித்தால் பட்டை தொங்கிப்போய்த் தண்ணீரை உள்ளே மொண்டு வாங்கும், போட்டிக்கு மூன்று மாசம்கூட இல்லை, இனிமேல் எதையும் புதிதாக மாற்றக் கூடாது என்றீர்கள். பழகிய வலி பரவாயில்லை, புது வசதியை நம்ப முடியாது என்பது இந்த விளையாட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சட்டம். “போட்டி முடியட்டும், அன்னைக்கே பிரிச்சுக் கடாசிடுவோம்.”

உம்மாவுக்குத் தெரிந்தால் கடலுக்கே விடமாட்டார்கள் என்று முக்காட்டை இழுத்து இழுத்துக் கழுத்தை மறைத்துக்கொண்டீர்கள். உடுப்பை என் வீட்டில்தான் அலசிக் காயப்போடுவது. மச்சானுக்கு மட்டும் தெரியும். அவர்தான் மருந்து போட்டுவிடுவார். நானும் ஆபீஸுக்குத் துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு போனேன். சளியா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றேன்.

அன்றைக்கு நடந்ததை எழுத வேண்டுமென்றால் எழுதலாம். முதல் நாள் நெடுநேரம் நீந்தினோம். நன்றாகவே நீந்தினீர்கள். மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கொஞ்சம் படுத்திருக்கிறீர்கள். எழுப்பப் போனபோது எழவில்லை. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு நெஞ்சு நின்றுவிட்டது என்றாராம். எனக்கு ஆபீஸுக்குப் போன் வந்தது. பேசியவர் யாரென்று இப்போதும் தெரியாது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தெருவில் நாற்காலி போட்டு ஆண்கள். கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள். உள்ளறையில் துணி கட்டி மறைத்து உங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுப்பது என்று பேசிக்கொண்டார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். உம்மா நடுவில் ஒரு பொட்டலம் மாதிரி இருந்தார்கள்.

குளிப்பாட்ட வந்தவர்களில் மூத்த அம்மா ஒருவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஈரக் கையோடு உம்மாவிடம் குனிந்தார். ரகசியமாகத்தான் கேட்க நினைத்திருப்பார். கூடத்தில் சன்னமாகத்தான் ஓதிக்கொண்டிருந்ததால் எல்லார் காதிலும் விழுந்தது.

“புள்ள கழுத்துல சுத்திக் கோடு கெடக்கே. என்னாது அது?”

உம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். தெரிந்தால்தானே சொல்ல. ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். என் பக்கத்தில் இருந்த ஒருத்தி மற்றவளிடம், “காலம்பர மாப்ள சத்தம் போட்டாராம்ல?” என்றாள். நீங்கள் எழவில்லை என்று மச்சான் கத்திய கத்தல், அதற்குள் வேறு கத்தலாகிவிட்டது. ஒவ்வொரு முகமாக வாசல் பக்கம் திரும்பியது. வாசலுக்கு அந்தப் பக்கம் மச்சான் நின்றிருந்தார், கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நீங்களாகத் தேடிக்கொண்டீர்களா, இல்லை வீட்டோடு இருக்கும் மருமகன் செய்தாரா, இந்த இரண்டில் ஒன்றைக் கூடம் தேர்ந்தெடுக்கப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் வேறு யாரோ ஆகிவிடுவீர்கள். அவர் பதில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

எழுந்தேன். துப்பட்டாவைக் கழுத்திலிருந்து அவிழ்த்தேன்.

“எனக்கும் இருக்கு, பாருங்க. இது நீச்சல் உடுப்பு அறுத்த கோடு. நேத்துகூட ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நீந்துனோம்.”

அந்த அம்மா கிட்டே வந்து என் மோவாயைத் தூக்கினார். விரலில் கற்பூர வாசனை. குளிர்ந்த விரலால் கோட்டின் மேல் ஓட்டிப் பார்த்தார். நான் ஆபீஸில் லீவு விதியை விளக்குகிற அதே குரலில் பேசிக்கொண்டே போனேன். எனக்கே அது கேட்டது.

“முன்னால தொண்டைக்கு நேரா ரெண்டு விரல் அகலத்துக்குக் கோடு இருக்காதும்மா. அங்கதான் ஜிப்பு வரும், அதுக்கு மெத்துத் துணி வச்சுத் தச்சிருக்கு. அவங்களுக்கு வலப்பக்கம் ஆழமா இருக்கும், அந்தப் பக்கம் திரும்பித்தான் மூச்செடுப்பாங்க. எனக்கு இடப்பக்கம். போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

உள்ளே போனார். நான் கழுத்தைத் திறந்துகொண்டு நின்றேன். கோடு விழாத அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் மச்சானும் நீங்களும் இருந்தீர்கள். துணி விலகியது.

“சரியாத்தான் இருக்கு. இந்தப் பொண்ணு சொன்னபடியே இருக்கு” என்று, இந்தத் தடவை வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்.

மறுபடி ஓத ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எங்கிட்ட சொல்லலியே” என்றார்கள். அதில் கோபம் இல்லை.

முகம் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். மோவாய் வரைக்கும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. கபன் துணியில் தையல் கிடையாது என்று நீங்களே எப்போதோ சொல்லியிருக்கிறீர்கள். தையல் இல்லை, ஓரம் இல்லை, பட்டை இல்லை, உறுத்த வழியே இல்லை. உங்களைப் பார்த்தபோது எனக்கு இது ஒன்றுதான் தோன்றியது. இதைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

அதற்குப் பிறகும் விடியலில் எழுகிறேன். பூவம் வரைக்கும் மிதிக்கிறேன். எதிர்க்காற்று அடித்தால் அடிக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். பிடியை மாற்றிப் பிடிக்கிறேன். பேரீச்சம்பழம் தின்கிறேன், உப்பு போட்டதா போடாததா என்று பார்ப்பதில்லை. போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடு என்று வீட்டில் சொன்னார்கள். எடுக்கவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை. துக்கம் என்றால் நெஞ்சு வெடிக்கும் என்று நினைத்திருந்தேன் ராத்தா. எனக்கு அப்படியெல்லாம் இல்லை. ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததுதான் பயமாக இருக்கிறது. கடலுக்குள் மட்டும் இறங்கவில்லை. அதனால் கழுத்துக் கோடும் ஆறி மங்கிக்கொண்டு வந்தது. காலையில் முகம் கழுவும்போது அதைத் தொட்டுப் பார்ப்பேன். உங்கள் உடம்பில் இருந்தது என் உடம்பிலும் இருந்தது என்றால், இது ஒன்றுதான்.

உங்கள் நாற்பதாம் நாள் முடிந்த வாரம் உம்மா சொல்லி அனுப்பினார்கள். என் நீச்சல் உடுப்பை எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம். போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு பாதி பிளேடு. முதலில் என் கழுத்தைக் காட்டச் சொன்னார்கள். பார்த்தார்கள். பிறகு என் உடுப்பை வாங்கிக் கழுத்துப் பட்டையைப் புரட்டினார்கள்.

“எதுக்கும்மா பிரிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்கு நீ போய்ட்டீன்னா உங்க ஊட்லயும் கேப்பாங்கள்ல? அன்னைக்கு யாரு வந்து கழுத்தத் தொறந்து காட்டுவா?”

தையலை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். உப்பேறி விறைத்த கேன்வாஸ் பட்டை வெளியே வந்தது. அதை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்கள். தையல் ஓரத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மடித்து, ஊசி நூலால் ஓட்டினார்கள். பட்டை கொஞ்சம் தொங்கும் என்றேன். தொங்கட்டும் என்றார்கள். அடுத்த வாரம் போட்டிக்குப் போகிறேன் என்று அப்போது என் வாயிலிருந்து வந்தது. அதுவரைக்கும் எனக்கே அது தெரியாது. அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

“அவ உடுப்பு எங்க?”

என் பையில்தான் இருந்தது. என் வீட்டுக் கொடியில் காய்ந்ததை எடுத்து மடித்தவள், எங்கே வைப்பது என்று தெரியாமல் பையிலேயே வைத்து, அன்றிலிருந்து தூக்கிக்கொண்டு திரிந்தேன். எடுத்துக் கொடுத்தேன். இனி யாரும் போடப் போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிளேடை எடுத்து உங்கள் கழுத்துப் பட்டையையும் பிரித்தார்கள். என்னுடையதைவிட நிதானமாக. கேன்வாஸை உருவி எடுத்து, ஓரத்தைத் திருப்பி மடித்து, அதே மாதிரி சின்னச் சின்னத் தையலாகப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்கள். அப்புறம் பட்டைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்கள்.

“இப்ப உறுத்தாதும்மா” என்றார்கள்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.